‘நான்தான்’ என்று சொல்லும் கேமரா

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், அம்மா உள்ளிருந்தபடியே “யாரு?” என்று கேட்பார். வெளியே நிற்பவர் பெரும்பாலும் “நான்தான்” என்பார். அந்தக் கேள்விக்கு இதைவிடப் பயனற்ற பதில் இருக்க முடியாது. ஆனாலும் அம்மா கதவைத் திறந்துவிடுவார், ஏனென்றால் அவர் காதில் வாங்குவது சொல்லை அன்று, குரலை. பால்காரரின் ‘நான்தான்’ வேறு, எதிர்வீட்டு அக்காவின் ‘நான்தான்’ வேறு. பழகாத குரலாக இருந்தால், ஜன்னல் வழியே பார்த்து, எந்தத் தெரு, யார் அனுப்பினார்கள், என்ன வேலையாக வந்தீர்கள் என்று மூன்று கேள்விகளாவது கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார்.

அந்தக் கதவுக்கு மேலே, போன தை மாதம் ஒரு கேமரா பொருத்தினோம். நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அம்மா தனியாக இருக்கிறார். கேமரா இருந்தால் எனக்கு நிம்மதி. பொருத்த வந்த தம்பி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தார். பயனர் பெயர் ‘அட்மின்’. கடவுச்சொல் ஒரு பத்து இலக்க எண். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று யோசித்தபடி வாசலைப் பார்த்தேன். அவருடைய வண்டியின் பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருந்த கடை விளம்பரத்தில் அதே எண் இருந்தது.

“எல்லா வீட்டுக்கும் இதத்தான் சார் போடுறது. மறந்துட்டோம்னு ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணுவாங்க, கடை நம்பரே பாஸ்வேர்டுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறந்துபோன கடவுச்சொல்லுக்காகப் பத்து மணிக்கு எழுப்பப்படுவது என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேமராவைப் பொறுத்தவரை, அந்தப் பத்து எண்களைத் தட்டுகிறவர் எவராயினும் அவரே வீட்டுக்காரர். அதற்குக் குரல் தெரியாது; ‘நான்தான்’ என்ற சொல்லை மட்டுமே தெரியும். அந்தச் சொல்லோ தெருத்தெருவாக ஒரு வண்டியின் மேல் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது.

இது சிறிய ஊரின் சிறிய அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை 2016ஆம் ஆண்டே உலகம் கண்டுகொண்டது. அந்த ஆண்டு பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. இணையத்தில் கண்ணில் பட்ட முகவரிகளையெல்லாம், தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் நுழையப் பயன்படும் டெல்நெட் என்ற பழைய வழியில் தட்டியது. திறந்திருந்தால், தன்னிடமிருந்த அறுபது சொச்சம் பயனர் பெயர்–கடவுச்சொல் இணைகளில் சிலவற்றைப் போட்டுப் பார்த்தது. ‘அட்மின்’ என்பதற்கு ‘அட்மின்’, ‘ரூட்’ என்பதற்கு ‘888888’, ‘ரூட்’ என்பதற்கு ‘எக்ஸ்சி3511’ என்று போகும் பட்டியல் அது. கடைசியாகச் சொன்னது கேமராக்களும் காணொளிப் பதிவுப் பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பெற்றுவந்த கடவுச்சொல். பல கருவிகளில் அதை மாற்றுவதற்கான வசதியைக்கூடப் பயனருக்குக் கொடுத்திருக்கவில்லை. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் மிராயின் பிடியில் இருந்தன. செப்டம்பரில் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தின் மீது நொடிக்கு ஏறத்தாழ 620 ஜிகாபிட் அளவுக்கு, தளம் திணறும்படி, அந்தக் கருவிகள் வழியாக அது தரவைக் கொட்டியது. அக்டோபர் 21 அன்று இணைய முகவரிகளைத் தேடிக்கொடுக்கும் டைன் நிறுவனம் தாக்கப்பட்டதில், ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்குப் பல மணி நேரம் கிடைக்கவில்லை. இதை எழுதியவர்கள் ஏதோ ஒரு நாட்டின் உளவுப்படை என்று பலர் நினைத்தார்கள். கடைசியில் பிடிபட்டவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான சர்வர்களை நடத்தும் தொழில்போட்டியில் தொடங்கிய வேலை அது.

மிராயைப் பற்றி எனக்கு இன்றும் வியப்பளிப்பது வேறொன்று. அது கருவியின் நினைவகத்தில் மட்டுமே குடியிருந்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் மாறாதிருந்தால், கருவி மீண்டும் இணையத்துக்கு வந்த சில நிமிடங்களில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். திருடனை வெளியேற்றிவிட்டு அதே சாவியை வாசல்நிலையிலேயே மாட்டி வைப்பது போன்றது.

சட்டங்கள் அதற்குப் பிறகு மெல்ல வந்தன. கலிஃபோர்னியா 2020 ஜனவரி முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு விற்பதைத் தடைசெய்தன. இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன; விற்பனைக்கு வருமுன் மாதிரிகள் பரிசோதனைக்கூடத்தில் சோதிக்கப்பட வேண்டும். நல்லதுதான். ஆனால் தொழிற்சாலை ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், பொருத்த வருகிறவர் அதை அழித்துவிட்டுத் தம் கடை எண்ணைப் போடும்வரை எந்த அரசிதழும் எங்கள் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. சொல்லக்கூடிய இரகசியம் எதுவாக இருந்தாலும், அதைச் சொல்லிவிடுவதற்கு மனிதர்களுக்கு நியாயமான காரணம் ஒன்று கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே, சொல்ல முடியாத இரகசியம் ஒன்றை வைத்து அடையாளத்தை நிறுவ முடியுமா என்பதே என் வேலையில் நான் அதிகம் யோசிக்கும் கேள்வி. முடியும், உங்கள் கைப்பேசியின் சிம் அட்டை தொண்ணூறுகளிலிருந்தே அதைச் செய்துவருகிறது. சிம்முக்குள் ஓர் இரகசிய எண் இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. செல்பேசி நிறுவனம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பி, இதை உன் இரகசியத்தோடு கலந்து கணக்குப் போட்டு விடையைச் சொல் என்கிறது. விடை சரியாக இருந்தால் உள்ளே விடுகிறது. ஒட்டுக்கேட்பவருக்குக் கேள்வியும் விடையும் கிடைக்கும். அடுத்த முறை கேள்வி வேறு என்பதால் அவை எதற்கும் உதவா.

வீட்டுக் கருவிகளில் இதே எண்ணத்தின் இன்னும் முழுமையான வடிவத்தை, சென்னை வீட்டுக்கு வாங்கிய, கைப்பேசியிலிருந்தே இயக்கக்கூடிய ஒரு ஸ்மார்ட் பிளக்கில் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளக், 2022 அக்டோபரில் வெளிவந்த ‘மேட்டர்’ என்ற பொதுத் தரத்தின்படி செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஒரு கியூஆர் குறியீடும், அதன் கீழே 11 இலக்க எண்ணும் அச்சாகியிருக்கின்றன. அதற்குள் பொதிந்திருக்கும் எட்டு இலக்கக் கடவெண் ஒவ்வொரு பிளக்குக்கும் வேறு. 12345678, 87654321, ஒரே இலக்கம் எட்டு முறை வருவது ஆகிய எண்களை எந்த உற்பத்தியாளரும் பயன்படுத்தக் கூடாது என்று தரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதர்களை நன்றாக அறிந்த எவரோ எழுதிய வரி அது. அந்தக் கடவெண்ணும் காற்றில் அனுப்பப்படுவதில்லை; இரு தரப்பும் அதை அறிந்திருக்கின்றன என்பதை மட்டும் ஒன்றுக்கொன்று மெய்ப்பித்துக்கொள்கின்றன.

குறியீட்டைக் கைப்பேசி படித்ததும், திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும் சில நொடிகளில் உள்ளே நடப்பதுதான் சுவையானது. கைப்பேசி ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. பிளக், தொழிற்சாலையில் தன் சிப்புக்குள் வைக்கப்பட்ட தனிச்சாவியால், அதாவது வெளியே வராத ஓர் இரகசிய எண்ணால், அதில் கையொப்பமிட்டு, தன் சான்றிதழோடு திருப்பியனுப்புகிறது. அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்டவர் யார், அவருக்குச் சான்றளித்தவர் யார் என்று கைப்பேசி மேலே மேலே சென்று, எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் ஒரு பேரேட்டில் உள்ள பெயர் வரை சரிபார்க்கிறது. இந்த மாதிரி உண்மையிலேயே சோதிக்கப்பட்டுத் தேறியதா என்பதற்கு வேறொரு பத்திரம் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால், கைப்பேசி அந்தப் பிளக்குக்கு இந்த வீட்டுக்கென்றே ஒரு புதிய சான்றிதழை வழங்குகிறது. முதலாவது பிறப்புச் சான்றிதழ் என்றால், இரண்டாவது ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது. இனி வீட்டின் மற்றக் கருவிகள் அதனிடம் பேசும்போது ரேஷன் அட்டையைத்தான் பார்க்கும். பிளக்கை விற்கும்போதோ வாடகை வீட்டைக் காலிசெய்யும்போதோ அந்தப் பெயரை நீக்க மறந்துவிடுகிறோம் என்பது வேறு தொல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு நமக்குத் தெரியவருவது இவ்வளவே: இந்தப் பிளக்கை இன்னார்தாம் செய்தார்கள், இந்த மாதிரி ஒருமுறை சோதனையில் தேறியது. இது நல்ல பிளக்கா என்பது தெரியவராது. அது நாளைக்கு என்ன செய்யும், அதன் உள்மென்பொருளில் அடுத்த ஆண்டு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதைச் செய்தவர்கள் அடைத்துத் தருவார்களா, அதற்குள் அந்த நிறுவனம் கடையை மூடியிருக்குமா என்பதற்கெல்லாம் பிறப்புச் சான்றிதழில் விடை கிடையாது. அடையாளத்தை ஒருமுறை நிறுவினால் போதும். நம்பகத்தை நாள்தோறும் நிறுவ வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2020 ஆகஸ்டில் ‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரில் வெளியிட்ட ஆவணத்தின் சாரமும் இதுவே. வலையமைப்பின் உள்ளே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்பாதே. ஒவ்வொரு முறை ஒவ்வொன்றைத் தொடும்போதும் யார், எந்தக் கருவியிலிருந்து, அந்தக் கருவி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேள். அலுவலகங்களில் இதை ஓரளவு செய்கிறோம். என் அலுவலக மடிக்கணினி பத்து நாள் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் சம்பளப் பட்டியல் பக்கம் எனக்கே திறக்காது. வீடுகளில் இதைச் செய்வார் யாருமில்லை.

அம்மா வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்று அன்றே பார்த்தேன். பதினொன்று இருந்தன. அம்மாவின் கைப்பேசி, என் கைப்பேசி, மடிக்கணினி, டிவி, புதிய கேமரா என்று விரல்விட்டு எண்ணி, சித்தி மகன் பொங்கலுக்கு வந்தபோது இணைத்தவற்றையும் சேர்த்தால் பத்து வந்தது. பதினொன்றாவது ‘இஎஸ்பி’ என்று தொடங்கி ஆறு எழுத்து, எண்களோடு முடியும் ஒரு பெயர். வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி உண்டு, அதன் முதற்பாதி தயாரித்தவரைக் காட்டும். அதை வைத்து, மலிவான வைஃபை சிப் ஒன்று எங்கோ இருக்கிறது என்பதுவரை தெரிந்தது. ஆனால் அந்த முகவரியையும் அடையாளமாகக் கொள்ள முடியாது. யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய கைப்பேசிகள் பின்தொடரப்படாமலிருக்கத் தாமாகவே பொய் முகவரியைத்தான் காட்டுகின்றன.

ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தோம். அம்மா சமையலறையிலிருந்து “இன்னும் இருக்கா?” என்று கேட்க, நான் கூடத்திலிருந்து “இருக்கு” என்று சொல்ல, இப்படி இருபது நிமிடம் போயிற்று. மொட்டைமாடிச் சூரியத் தகடுகளுக்கான இன்வெர்ட்டரை அணைத்ததும் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைப் பொருத்தியவர்கள், எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று பார்ப்பதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை குச்சியைச் செருகி, எங்கள் வைஃபை கடவுச்சொல்லை அம்மாவிடம் கேட்டு வாங்கி இணைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது நினைவிலேயே இல்லை. அதன் அமைப்புப் பக்கம் ‘அட்மின்’, ‘அட்மின்’ என்றதும் திறந்துகொண்டது. இரண்டு ஆண்டுகளாக ஒரு விருந்தாளி மாடியில் குடியிருந்து, வீட்டில் நடக்கும் பேச்சையெல்லாம் கேட்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருந்தும் யாரும் ‘யாரு?’ என்று கேட்கவில்லை.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொல்கிறவன் மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேமராவிடம் ‘நான்தான்’ என்று சொல்வதைப் போலவே, வங்கியிடம் நாம் ஓடிபி சொல்கிறோம். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சான்று கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009ஆம் ஆண்டிலேயே விதித்தது, உலகில் பலரும் அதைப் பற்றி யோசிக்காத காலத்தில் செய்யப்பட்ட நல்ல காரியம். ஆனால் அந்த இரண்டாவது சான்று நடைமுறையில் ஆறு இலக்கக் குறுஞ்செய்தியாகச் சுருங்கிப்போய்விட்டது. அதுவும் சொல்லக்கூடிய இரகசியந்தானே!

“ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதேம்மா” என்று நான் அம்மாவிடம் சொல்லாத வாரமில்லை. ஒருநாள் அவர் திருப்பிக் கேட்டார்: “சிலிண்டர் கொண்டு வர்ற பையன் நம்பர் கேக்குறான். சொல்லலேன்னா சிலிண்டரைக் குடுக்க மாட்டேங்கிறான். ஆட்டோக்காரர் கேக்குறார், கூரியர்காரர் கேக்குறார். எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாது?” எனக்கு உடனே பதில் வரவில்லை. சிலிண்டருக்கு வரும் எண், பொருள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கான ரசீது; எதிரில் நிற்பவரிடம் சொல்வதற்காகவே அனுப்பப்படுவது. வங்கியிலிருந்து வருவதோ வீட்டுச் சாவி. சாவிக்கும் ரசீதுக்கும் ஒரே பெயரை வைத்து, ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில் வந்து விழும்படி செய்துவிட்டு, ஏமாந்த பிறகு முதியவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்வது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

யுபிஐ செயலியை முதன்முதலாகப் பதிவுசெய்யும் முறையை அமைத்தவர்கள் இதைச் சற்று நன்றாகவே சிந்தித்திருக்கிறார்கள். அங்கே குறுஞ்செய்தி நமக்கு வருவதில்லை. நம் கைப்பேசியிலிருந்து தானாகப் போகிறது. எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை மறுமுனையே பார்த்துக்கொள்வதால், நாம் யாரிடமும் சொல்லவேண்டிய எண் எதுவும் நடுவில் இல்லை. இந்தக் கைப்பேசி, இந்த சிம், இந்தக் கணக்கு ஆகிய மூன்றும் அந்த ஒரு நொடியில் முடிச்சுப் போடப்படுகின்றன. பணம் அனுப்பும்போது அதற்கு மேல் ரகசிய பின் எண் வேறு. அம்மாவுக்கு இதைச் செய்து கொடுத்தபோது மூன்று முறை தோற்றது. அவருடைய ரீசார்ஜில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி தீர்ந்துபோயிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. செயலியோ “சரிபார்க்க இயலவில்லை” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடையாளத்தை மெய்ப்பிக்கும் முறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது தோற்கும்போது பயனரிடம் எப்படிப் பேசுகிறது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக பாஸ்கீ என்று இப்போது பல தளங்கள் கேட்பதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பிளக் செய்த அதே வேலையை இங்கே நம் கைப்பேசி செய்கிறது: தனிச்சாவி கைப்பேசியிலோ, கடவுச்சொற்களைக் காக்கும் பெட்டகத்திலோ இருக்கும், தளத்திடம் போகாது, விரல்ரேகை கைப்பேசியைத் திறப்பதற்கு மட்டும், அதுவும் வெளியே போகாது, தளம் அனுப்பும் தற்செயல் எண்ணில் கையொப்பம் மட்டும் போகும். இதில் அதிகம் பேசப்படாத சிறப்பு ஒன்றுண்டு. வங்கியின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் ஒன்றை ஒருவர் செய்து வைத்தால், நாம் கொடுக்கும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அது அந்தக் கணமே உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடும். பாஸ்கீயோ தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கைப்பேசி தன்னிடம் சாவியே இல்லை என்பதுபோல் இருந்துவிடும். நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

அதாவது, நாம் யார் என்று தளம் கேட்பதோடு நின்றுவிடாமல், தளம் யார் என்று நம் கைப்பேசியும் கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டதன் விலையை இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்புகள் கொடுத்தன. மேலே சொன்ன சிம் கணக்கில் நிறுவனம் சிம்மைச் சோதித்தது. நிறுவனத்தைச் சோதிக்க சிம்முக்கு வழியில்லை. போலிக் கோபுரம் ஒன்றை வைத்துக்கொண்டு ‘நான்தான் உன் நெட்வொர்க்’ என்று எவரும் சொல்லலாம், கைப்பேசி நம்பிவிடும். மூன்றாம் தலைமுறையில்தான் இரு பக்கமும் மெய்ப்பிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அசோகவனத்தில் அனுமன் கணையாழியைக் கொடுத்ததோடு நில்லாமல் சூடாமணியை வாங்கிக்கொண்டு போனதைச் சின்ன வயதில் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி வரும் அழைப்பில் இன்றும் நாம்தான் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழைத்தவர் வங்கிக்காரர்தாம் என்பதை மெய்ப்பிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அன்று மாலைக்குள் சில வேலைகளை முடித்தேன். கேமராவுக்கு நீளமான கடவுச்சொல் ஒன்றைப் போட்டு, அம்மாவின் அரிசி டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் எழுதி வைத்தேன். இணையத்திலிருந்து திருட வருகிறவருக்கு அரிசி டப்பாவை எட்ட முடியாது. ரவுட்டரில் விருந்தினருக்கென்று இருக்கும் தனி வைஃபையைத் திறந்து, கேமராவையும் இன்வெர்ட்டர் குச்சியையும் அதில் தள்ளினேன்; அங்கிருந்து அம்மாவின் கைப்பேசியையும் என் மடிக்கணினியையும் அவற்றால் பார்க்க முடியாது. குச்சியின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அதன் உள்மென்பொருளுக்குப் புதுப்பிப்பு ஏதும் கிடைக்கவில்லை.

கடைத் தம்பிக்குப் போன் செய்து, வீட்டுக்கு வீடு வேறு கடவுச்சொல் போட்டு, பெட்டியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், தொலைந்தால் கேமராவை ரீசெட் செய்துகொள்ளலாம் என்று சொன்னேன். “செஞ்சுடலாம் சார்” என்றார். மறுநாள் காலை எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அம்மா “யாரு?” என்றார், அவர் “நான்தான்” என்றார், கதவு திறந்தது. “உங்க வீட்டுக் கேமராவுல ஏதோ மாத்துனியாமே தம்பி, எங்க வீட்டுலயும் அதே ஆள்தான் போட்டாரு” என்று கைப்பேசியை நீட்டினார். செயலியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொல்லைத் திறந்து பார்த்தேன். அதே பத்து எண்கள். “பக்கத்துல மூணு வீட்டுக்கும் அவருதான் போட்டாரு” என்று சேர்த்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்ப எடுத்திருந்த டிக்கெட்டை மாலை ரயிலுக்கு மாற்றிக்கொண்டேன்.